நான்கு மணி நேரச் சீட்டுகள்

குழு: வீரவநல்லூர் ஆச்சி வீடு
(பெயர்கள் என் போனில் பதிந்திருப்பது போலவே)

காலை 7.10
பெரியப்பா: பிசானப் பட்டத்து நெல்லுக்கு உழவு போடும் நாள் நெருங்கிவிட்டது. உள்ளூர் டிராக்டர்காரர் கலப்பைக்கு மணிக்கு 1000 ரூபாய், மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு 1300 கேட்கிறார். வேறு எதுவும் தர வேண்டாமாம். போன கார் பட்டத்து நெல்லுக்கு உழ வந்த ஆற்று வடகரை வண்டிக்காரர் என்ன வீதம் போட்டார்? என் சீட்டில் மணியும் மொத்தத் தொகையும் மட்டும் இருக்கின்றன.

அத்தை: என் சீட்டும் அப்படித்தான் அண்ணா. இரண்டு நாளாக அவரைக் கூப்பிடுகிறேன், போனை எடுக்கவில்லை.

சித்தப்பா மகன்: எல்லாரும் சீட்டைப் போடுங்கள். வீதத்தை நான் கண்டுபிடித்துத் தருகிறேன். பத்தாம் வகுப்பில் இந்தக் கணக்குதான் நடக்கிறது.

பெரியப்பா: கலப்பை 3 மணி, ரோட்டவேட்டர் 1 மணி. 4500.

அப்பா: கலப்பை 2, ரோட்டவேட்டர் 2. 4800.

மாமா: கலப்பை 1, ரோட்டவேட்டர் 3. 5100.

அத்தை: எனக்குக் கலப்பை மட்டும் ஒன்றரை மணி நேரம். 1950.

சித்தப்பா மகன்: அப்பா டிப்போவுக்குப் போய்விட்டார். சீட்டு அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. இருப்பதை வைத்துப் போடுகிறேன்.

காலை 7.42
சித்தப்பா மகன்: கலப்பை வீதம் க, ரோட்டவேட்டர் வீதம் ர. பெரிய பெரியப்பா சீட்டு: 3க + ர = 4500. அடுத்த பெரியப்பா சீட்டு: 2க + 2ர = 4800, அதாவது க + ர = 2400. கழித்தால் 2க = 2100. கலப்பை மணிக்கு 1050, ரோட்டவேட்டர் மணிக்கு 1350. மாமா சீட்டில் வைத்துப் பார்த்தேன்: 1050 + 4050 = 5100. ரூபாய் பிசகாமல் வருகிறது!

மாமா: மூன்று சீட்டுக்கும் ஒத்து வருகிறதே. அப்படியானால் உள்ளூர் வண்டிதான் மலிவு.

சித்தப்பா மகன்: ஆனால் அத்தை சீட்டு ஒத்து வரவில்லை. ஒன்றரை மணிக்கு 1575தான் வர வேண்டும். அத்தை 375 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: தங்கச்சி, தனியாக நிற்கும் பெண்பிள்ளை என்று உன்னை ஏமாற்றிவிட்டானா? எண்ணிப் பார்க்காமல் கொடுத்தாயா?

அத்தை: எண்ணித்தான் கொடுத்தேன். வண்டி வயலில் இறங்கியதிலிருந்து வரப்பிலேயே நின்றேன். அவர் கேட்டதும் சீட்டில் இருப்பதும் ஒன்றுதான்.

காலை 8.05
நான்: பெரியப்பா, கொஞ்சம் பொறுங்கள். இப்போதுதான் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தேன். தம்பி போட்ட கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த மூன்று சீட்டையும் இன்னொரு முறை பாருங்கள். 3 + 1, 2 + 2, 1 + 3. மூன்றுமே நான்கு மணி நேரம். மணிக் கணக்கில் சேராத தனிக் கூலி ஒன்றை அவர் போட்டிருந்தால், அது நான்காகப் பிரிந்து ஒவ்வொரு மணியோடும் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று சீட்டிலும் அது வெளியே தெரியவே தெரியாது. அத்தை சீட்டு ஒன்றுதான் நான்கு மணி இல்லாதது. அதில்தான் இடிக்கிறது. அத்தையைக் கேள்வி கேட்பதற்கு முன் கணக்கைக் கேட்போம்.

சித்தப்பா மகன்: அப்படியானால் மூன்றாவது மாறி ஒன்று வேண்டும் அக்கா. தனிக் கூலி த. மூன்று மாறி, மூன்று சீட்டு. இதோ போடுகிறேன்.

காலை 8.20
சித்தப்பா மகன்: வரவில்லை அக்கா. முதல் சீட்டை இரண்டாவதிலிருந்து கழித்தால் ர − க = 300. இரண்டாவதை மூன்றாவதிலிருந்து கழித்தாலும் அதே ர − க = 300. இரண்டையும் கழித்தால் 0 = 0 என்று நிற்கிறது.

நான்: நன்றாகப் பார்த்திருக்கிறாய். மாமா சீட்டு புதிதாக எதுவும் சொல்லவில்லை, முதல் இரண்டும் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. தாள் மூன்று, செய்தி இரண்டு. அதனால்தான் உன் முதல் விடையும் அதில் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. என் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். சித்தப்பாவின் சீட்டு வரட்டும். அத்தை சீட்டைத் தொடாமல் வைத்திரு, கடைசியில் சரிபார்க்க வேண்டும்.

பகல் 1.15
சித்தப்பா: சாப்பாட்டு நேரத்தில்தான் போனைப் பார்த்தேன். கலப்பை 1, ரோட்டவேட்டர் 4. 6300.

சித்தப்பா மகன்: ஐந்து மணி நேரம்! என் பழைய வீதப்படி 6450 வர வேண்டும். 150 குறைகிறது. அக்கா சொன்னது சரி.

பகல் 1.31
சித்தப்பா மகன்:
3க + ர + த = 4500
2க + 2ர + த = 4800
க + 4ர + த = 6300
இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் ர − க = 300. மூன்றாவதில் இரண்டாவதைக் கழித்தால் 2ர − க = 1500. மறுபடி கழித்தால் ர = 1200. அப்போது க = 900. முதல் சீட்டில் போட்டால் 2700 + 1200 = 3900, மீதி 600. அதுதான் தனிக் கூலி.

நான்: இப்போது அத்தை சீட்டு.

சித்தப்பா மகன்: ஒன்றரை மணிக்கு 1350. அதோடு 600. 1950!! அத்தை, ஒரு ரூபாய் கூட நீங்கள் அதிகம் கொடுக்கவில்லை.

அத்தை: அந்த 600 வந்து போகும் கூலியாகத்தான் இருக்கும் மருமகனே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள் ஆற்றைத் தாண்டி வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் உழுதுவிடுவோம் என்று வைகாசியிலேயே சொன்னேன். ஆளுக்கொரு நாள் சொல்லிவிட்டீர்கள்.

பெரியப்பா: சொன்னாய். எனக்கு நினைவிருக்கிறது. காலையில் நான் எழுதியது தப்பு தங்கச்சி, மன்னித்துக்கொள்.

அத்தை: அதை விடுங்கள் அண்ணா. உழவுக்கு என்ன செய்வது என்று பாருங்கள்.

பகல் 1.50
நான்: உள்ளூர் வண்டியில் மணிக்கு 100 ரூபாய் கூடுதல், ஆனால் 600 கிடையாது. ஆறு மணி நேரத்தில் இரண்டும் சமம். வீட்டுக்கு வீடு தனியாக உழுதால் யாருக்கும் ஆறு மணி ஆகாது, அதனால் உள்ளூர் வண்டி லாபம். சேர்ந்து உழுதால் மொத்தம் பதினெட்டரை மணி, கலப்பை எட்டரை, ரோட்டவேட்டர் பத்து. வடகரை வண்டி ஒரே தடவை வந்தால் 20,250. உள்ளூர் வண்டிக்கு 21,500. கார் பட்டத்துக்கு நாம் ஐந்து வீட்டாரும் கொடுத்தது 22,650.

அப்பா: 2400 ரூபாயை வண்டி வந்து போவதற்கே கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

நான்: தம்பி, உனக்கு ஒன்று. ‘ஒன்பது அதிகாரங்கள்’ என்ற பழைய சீனக் கணித நூலில் எட்டாம் அதிகாரம் முழுவதும் இந்த வகைக் கணக்குதான். அதில் முதல் கணக்கே கதிர்க்கட்டு. நல்ல கதிர் 3 கட்டு, நடுத்தரம் 2, மட்டம் 1 சேர்த்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 என்றால் 34. 1, 2, 3 என்றால் 26. ஒவ்வொரு வகையிலும் ஒரு கட்டில் எவ்வளவு தானியம் என்பதுதான் கேள்வி. எண்ணும் குச்சிகளைப் பலகையில் வரிசையாக அடுக்கி, நீ இன்று கழித்தது போலவே கழித்திருக்கிறார்கள். கி.பி. 263இல் லியூ ஹுய் அதற்கு உரை எழுதினார். நூல் அதற்கும் முந்தையது. இன்று இரவு போட்டுப் பார்.

சித்தப்பா மகன்: பின்னமாக வருமா அக்கா?

நான்: வரும். பயப்படாதே.

மாலை 6.40
அத்தை: வண்டிக்காரர் போனை எடுத்துவிட்டார். 900, 1200, வந்து போக 600 என்று அவர் வாயாலேயே சொன்னார். ஐந்து வயலையும் சேர்த்துத் தந்தால் ஒரே 600 போதுமாம். இரண்டு நாள் வேலை, இரவு வண்டி நம் முற்றத்தில் நிற்கட்டும் என்றேன். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்த மறுநாள் வருகிறார்.

சித்தப்பா: முற்றத்தில் கிடக்கும் வைக்கோலை ஞாயிற்றுக்கிழமை நான் வந்து ஒதுக்குகிறேன் அக்கா.

பெரியப்பா: வரப்பில் இந்தத் தடவை நான் நிற்கிறேன்.

இரவு 9.25
சித்தப்பா மகன்: நல்ல கதிர் ஒன்பதே கால், நடுத்தரம் நாலே கால், மட்டம் இரண்டே முக்கால். சரியா அக்கா?

நான்: சரி.