புதுப்பிப்பு: ஓ.பி. சீட்டில் என் பெயர்

சென்ற மாதம் எழுதியிருந்தேன்: குன்னூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், காய்ச்சலோடு நின்ற என்னை, ஒரு திருநங்கையை, ஆதாரில் உள்ள பழைய ஆண் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மருத்துவரைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

"கோவைக்கே போய்விடுங்கள்" என்று சிலர் அன்போடு சொன்னீர்கள். ஓர் இருமலுக்காக மலையிறங்கி மேட்டுப்பாளையம் தாண்டிப் போனால் அன்றைய கூலி போய்விடும். பக்கத்தில் இருப்பதால்தானே அது ஆரம்ப சுகாதார நிலையம்!

2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம், 3ஆம் பிரிவு, மருத்துவச் சேவையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துப்போய் மருத்துவ அலுவலரிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தார், மன்னிப்புக் கேட்டார்.

நேற்று மீண்டும் போனேன். செவிலியர் அக்கா பழைய சீட்டில் இருந்த பெயரை நீலப் பேனாவால் அடித்து, நான் சொன்ன பெயரை மேலே எழுதினார். பிறகு கையில் பட்டையைச் சுற்றினார். ரத்த அழுத்தம் 160/100. இத்தனை நாள் தலைவலியைக் குளிர் என்றே நினைத்திருந்தேன்.

ஆதாரில் பெயர் இன்னும் மாறவில்லை. மாவட்ட ஆட்சியரிடம் திருநர் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மாத்திரை வாங்க அடுத்த மாதம் அதே வரிசையில் நிற்பேன்.