வடிகட்டியில் படிந்த துரு

[மாலை 6:40] கவிதா: சித்தப்பா, ஓஹாயோ மாநிலத்தில் டொலீடோவுக்குக் கிழக்கே ஈரி ஏரிக்கரையில் இருக்கும் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தைப் பற்றி அலுவலகத்தில் பேச்சு வந்தது. 2002-இல் அதன் உலை மூடியை அமிலம் அரித்திருந்ததாக ஒருவர் சொன்னார். அவ்வளவு கனமான எஃகு அரிக்கப்பட்டுப் போகும்வரை ஆய்வாளர்கள் யாரும் கவனிக்கவில்லையா?

[மாலை 6:58] ராமநாதன் சித்தப்பா: கவனித்தார்கள் அம்மா, அதுதான் கொடுமை. முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அணு எரிபொருளும் நீரும் இருக்கும் எஃகுக் கலனை உலைக்கலன் என்பார்கள். அதன் மூடி வழியாக, அணுப்பிளவைக் கட்டுப்படுத்தும் தண்டுகளுக்கான 69 குழாய்கள் உள்ளே இறங்குகின்றன. 2001-இல் தென் கரோலினாவின் ஒகோனி நிலையத்தில் இத்தகைய குழாய்களில் சுற்றுவாக்கில் விரிசல் கண்டதும், அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், விரிசலுக்கு வாய்ப்புள்ள நிலையங்கள் அனைத்தும் ஆண்டு முடிவதற்குள் மூடியைச் சோதிக்க வேண்டும் என்றது. டேவிஸ்-பெஸ்ஸி நிர்வாகம் அவகாசம் கேட்டு, 2002 பிப்ரவரி 16 வரை உலையை ஓட்டியது. நிறுத்திய பிறகு விரிசல் கண்ட குழாய்களைச் செப்பனிடும்போது, மூன்றாம் எண் குழாய் பிடிமானம் இல்லாமல் சாய்ந்தது. ஏன் என்று துடைத்துப் பார்த்தபோது, அதை ஒட்டி 16 சென்டிமீட்டருக்கும் மேல் தடிமனான எஃகு முழுவதும் கரைந்து போயிருந்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகு உள்பூச்சு ஒன்றுதான், காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் மேல்நோக்கி உப்பியிருந்தது.

[மாலை 7:05] முரளி: அப்படியானால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த மூடியை யாரும் பார்க்கவே இல்லையா, சித்தப்பா?

[மாலை 7:21] ராமநாதன் சித்தப்பா: பார்ப்பதற்கு வழி சரியாக இல்லை. மூடியைச் சுற்றியுள்ள உறையின் அடியில் சிறு திறப்புகள் மட்டுமே இருந்தன. எலிப்பொந்து என்றே அங்கே அழைப்பார்கள். அவற்றின் வழியே கேமராவை நுழைத்தால் மேடான நடுப்பகுதி எட்டாது. திறப்புகளைப் பெரிதாக வெட்ட 1990-லேயே முன்மொழிவு எழுதப்பட்டு, ஒவ்வொரு எரிபொருள் மாற்ற நிறுத்தத்தின்போதும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடப்பட்டது. பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தள்ளிப்போட்ட வேலையை முதல் முறை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், மூன்றாம் முறைக்குப் பிறகு அது பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு நிறுத்தத்தில் அந்தப் பொந்துகள் வழியாகச் செம்பழுப்பு நிறக் குழம்பு வழிந்து உறைந்திருந்ததைப் படமே எடுத்தார்கள். கெட்டியாகிப் போன படிவைக் கடப்பாரையாலும் வெந்நீராலும் முடிந்தவரை அகற்றிவிட்டு, மீதியை அப்படியே விட்டு உலையை இயக்கினார்கள்.

[மாலை 7:30] சுசீலா அத்தை: தம்பி, உலை நீரில் கலப்பது போரிக் அமிலம்தானே? கேரம் பலகையில் தூவும் அதே பொடி. நான் வகுப்பில் அதை மிக வலுக்குறைந்த அமிலம் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அது எப்படி ஒரு சாண் எஃகைத் தின்றது?

[மாலை 7:46] ராமநாதன் சித்தப்பா: அக்கா, நிலையத்தாரும் ஏறக்குறைய உங்களைப் போலவே நினைத்தார்கள். அணுப்பிளவைத் தூண்டும் நியூட்ரான்களை உறிஞ்சுவதற்காகப் போரிக் அமில வடிவில் நீரில் போரான் சேர்க்கப்படுகிறது. மூடி 300 டிகிரி சூட்டில் இருப்பதால், கசியும் நீர் உடனே ஆவியாகி உலர்ந்த பொடி மட்டுமே மிஞ்சும், அது எஃகை ஒன்றும் செய்யாது என்பது அவர்களுடைய கணக்கு. மேலே உள்ள ஃபிளாஞ்சுகளில், அதாவது குழாய் இணைப்பு விளிம்புகளில், கேஸ்கெட் என்ற அடைப்பு வளையம் வழியான கசிவு ஏற்கெனவே இருந்ததால், வெள்ளைப் படிவு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. ஆனால் விரிசல் வழியே நீர் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அந்த இடம் குளிர்ந்து ஈரமாகவே இருக்கும். நீர் ஆவியாக ஆவியாக அமிலம் செறிந்துகொண்டே போகும். செறிந்த சூடான அமிலத்துக்குச் சாதாரண எஃகு ஈடுகொடுக்காது, துருப்பிடிக்காத எஃகு ஈடுகொடுக்கும். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று; போரிக் அமில அரிப்பைப் பற்றி ஆணையம் 1988-லேயே எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

[மாலை 7:52] கவிதா: கசிவின் அளவைக் காட்டும் கருவிகள் இல்லையா?

[இரவு 8:10] ராமநாதன் சித்தப்பா: இருந்தன. மூலம் தெரியாத கசிவு நிமிடத்துக்கு ஒரு காலனைத் தாண்டக் கூடாது என்பது விதி. இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டியது, ஆகவே ஏடுகளில் எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாதது காற்று வடிகட்டிதான். உலைக்கட்டடத்தின் காற்றில் கதிரியக்கத்தை அளக்கும் கருவியின் வடிகட்டி, 1999 முதல் வழக்கத்தைவிட அடிக்கடி அடைத்துக்கொண்டது. 2001 இறுதியில் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றும் நிலை. அதில் படிந்திருந்தது துரு நிறத் தூள். ஆய்வகமும் அது இரும்பு ஆக்சைடு என்று சொன்னது. போரிக் அமிலம் வெண்மையானது. அதில் துரு கலந்திருக்கிறது என்றால் எங்கோ எஃகு கரைகிறது என்று பொருள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காற்றைச் சுத்தப்படுத்தக் கூடுதல் வடிகட்டி இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். காற்றுக் குளிர்விப்பான்களில் படிந்ததைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். ஒவ்வொரு வேலையும் முடிந்ததாகக் கையெழுத்தானது, ஆனால் துரு எதிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வேலைச்சீட்டு எழுதப்படவில்லை.

[இரவு 8:16] முரளி: எங்கள் மருந்துத் தொழிற்சாலைத் தணிக்கையிலும் இதைத்தான் முதலில் பார்ப்போம். ஒரே உதிரிப்பாகம் ஏன் இத்தனை முறை மாற்றப்பட்டது என்று கிடங்குப் பதிவேட்டைக் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ஆணையம் தண்டித்ததா?

[இரவு 8:31] ராமநாதன் சித்தப்பா: 2005-இல் 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆணையத்துக்கு அளித்த விவரங்களில் ஊழியர்கள் தெரிந்தே பொய்யுரைத்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு, 2006-இல் அமெரிக்க நீதித்துறையுடன் செய்த உடன்பாட்டின்படி மேலும் 2.8 கோடி டாலர் கொடுத்தது. ஆணையத்தின் மீதும் குறை உண்டு. நிறுவனத்துக்கு நேரும் பண இழப்பைக் குறைக்கும் எண்ணமும் பிப்ரவரி வரை அவகாசம் கொடுத்ததற்குப் பெரிய காரணம் என்று அதன் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே அறிக்கை எழுதினார்.

[இரவு 8:35] சுசீலா அத்தை: கவிதா அந்த ஊரிலேயே இருக்கிறாள் என்பதால் கேட்கிறேன். இப்போது அந்த மூடி எப்படி இருக்கிறது?

[இரவு 8:49] ராமநாதன் சித்தப்பா: மிச்சிகனில் கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன மிட்லேண்ட் நிலையத்துக்காகச் செய்த மூடியை வாங்கிப் பொருத்தி, 2004 மார்ச்சில் மீண்டும் இயக்கினார்கள். அதன் குழாய்களும் பழைய உலோகக் கலவைதான் என்பதால் 2010-இல் அவற்றிலும் விரிசல் கண்டது. ஆனால் இம்முறை சோதனையிலேயே பிடிபட்டது; செப்பனிட்டு, 2011-இல் விரிசலை நன்றாகத் தாங்கும் கலவையில் செய்த புதிய மூடியை மாட்டினார்கள். இயக்க உரிமம் 2037 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கவிதா, ஆய்வு அறிக்கைகளை ஆணையம் தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. படிக்க விரும்பினால் முடிவுரையை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு ஒத்திவைத்த வேலைகள் எவை என்ற இடத்திலிருந்து தொடங்கு.