கப்பலில் எங்கள் கேபினில் புழுக்கம், எதிர் கேபினில் அம்மாவுக்கு நடுக்கம் - ஏசிக்கு என்ன செய்யலாம்?

தஞ்சாவூர்க்காரி, இரவு 1:20

வணக்கம். இப்போது கப்பலில்தான் இருக்கிறோம். நேற்று மாலை சிங்கப்பூர் மரினா பே துறையில் ஏறினோம், பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணம். நானும் வீட்டுக்காரரும் 9 வயதுப் பையனும் பால்கனி உள்ள கேபினில் இருக்கிறோம். அப்பா அம்மா இருவரும் நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத உள் கேபினில்.

எங்கள் கேபின் குளிரவே இல்லை. சுவரில் நீலம், சிவப்பு என்று ஒரு திருகுதான் இருக்கிறது, எண் எதுவும் கிடையாது. நீலத்தின் கடைசிக்குத் திருப்பி வைத்து 6 மணி நேரம் ஆகிவிட்டது. 11 மணிக்குப் படுக்கப் போனால் தலையணை ஈரம். பையன்தான் தண்ணீரைக் கொட்டிவிட்டான் என்று அவனைத் திட்டிவிட்டேன், பாவம். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் கூரையில் காற்று வரும் வட்டத் தட்டின் விளிம்பு முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நிற்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது.

அம்மா கேபினில் நேர் எதிர். திருகு சிவப்பில்தான் இருக்கிறது, ஆனாலும் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. அப்பாவின் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, குளியல் துண்டைச் சுருட்டிக் காற்று வரும் இடத்தில் அடைத்து வைத்திருக்கிறார், அது விசில் அடிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. "புக்கெட்டில் இறங்கி விமானத்தில் ஊருக்குப் போய்விடலாமா" என்று கேட்கிறார். இந்தப் பயணமே அவர்களுக்காகத்தான் போட்டது. இரண்டுக்கும் ஒரே ஏசிதானே, எப்படி இப்படி ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பவாங் வாசி, இரவு 1:41

அக்கா, முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். வாசல் பக்கத்தில் சாவி அட்டை செருகும் இடம் இருக்கிறதா? சில கப்பல்களில் அந்த அட்டையை எடுத்தால் விளக்கோடு சேர்ந்து ஏசியும் குறைந்துவிடும். பையன் விளையாட எடுத்துக்கொண்டு போகிறானா என்று பாருங்கள். இரண்டாவது, டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக் காற்று வரும் தட்டுக்குக் கீழே பிடியுங்கள். பேப்பர் ஆடவே இல்லையா, நன்றாக ஆடியும் காற்று வெதுவெதுப்பாக இருக்கிறதா, இதைச் சொன்னால் பாதி தெரிந்துவிடும்.

பயணப்பிரியன், இரவு 1:50

பால்கனி அறை எடுத்துவிட்டு ஏசிக்கு ஏன் கஷ்டப்பட வேண்டும்? கதவைத் திறந்து வைத்துக் கடல் காற்றில் தூங்குங்கள். நான் மும்பையிலிருந்து கோவா போனபோது அப்படித்தான் செய்தேன், அது ஜனவரி மாதம்.

தஞ்சாவூர்க்காரி, இரவு 2:05

அட்டை செருகியபடியே இருக்கிறது தம்பி. பேப்பர் லேசாக ஆடுகிறது, அவ்வளவுதான். தட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, அறை மட்டும் குளிரவில்லை. பால்கனிக் கதவை நேற்று ஏறியதிலிருந்து திறந்து திறந்து மூடினோம், பையன் அலையைப் பார்க்க ஓடிக்கொண்டே இருந்தான். இப்போது மூடித்தான் இருக்கிறது.

தூத்துக்குடி கடலோடி, அதிகாலை 3:10

தங்கச்சி, நான் 11 வருடம் பயணிகள் கப்பல்களில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். நீங்கள் சொன்னதில் முக்கியமான வரி கடைசி வரிதான். அந்தக் கதவு மூடியிருக்கிறதா, பூட்டு விழுந்து மூடியிருக்கிறதா? இரண்டும் வேறு.

பல கப்பல்களில் பால்கனிக் கதவின் மேல் ஓரத்தில் ஒரு சிறு காந்தமும், அதற்கு எதிரே நிலைச்சட்டத்தில் ஒரு ஸ்விட்சும் இருக்கும். கதவு முழுதாகச் சேராவிட்டால், ஒரு விரல் இடுக்கு இருந்தால்கூட, கேபினின் குளிர்விப்பு நின்றுவிடும். கண்ணுக்கு மூடினது போலத்தான் தெரியும். கைப்பிடியை மேலேயோ கீழேயோ கடைசி வரை திருப்பி, உள்ளே ஒரு "டக்" கேட்க வேண்டும். கேட்ட பிறகு உள்ளங்கையைக் கதவின் ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, மெதுவாக நகர்த்துங்கள். வெதுவெதுப்பான காற்று எங்காவது கையில் பட்டால் கதவு சேரவில்லை.

இனி சொட்டும் தண்ணீர். வீட்டு ஸ்பிளிட் ஏசி மாதிரி கேபினுக்கு ஒரு கம்பிரசர் கிடையாது. கீழ்த் தளத்தில் பெரிய சில்லர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே ஏசி அறைகளுக்குப் போய், அங்கே வெளிக்காற்றைக் குளிர்வித்து ஈரத்தை எடுத்து, சுமார் 12 முதல் 14 டிகிரியில் கேபின்களுக்கு அனுப்புவார்கள். கேபினில் குளிர்விப்பு நின்றாலும் சுவாசிக்க வேண்டிய அந்தப் புதுக்காற்று பல கப்பல்களில் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும், தட்டு அதனால் சில்லென்று இருக்கும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், கதவு வழியே நுழையும் அந்த வெளிக்காற்று 26 டிகிரிக்குக் குறைவான எதன் மேல் பட்டாலும் நீராகிவிடும். சோடா பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல. உங்கள் தலையணையில் விழுந்தது கடல் காற்றில் இருந்த ஈரம், பையன் கொட்டின தண்ணீர் இல்லை. அவனைக் கொஞ்சம் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுங்கள்.

அதனால் பயணப்பிரியன் சொன்னதை இங்கே செய்ய வேண்டாம். ஜனவரியில் கோவாக் கடற்கரையில் இரவுக் காற்று இதமாக இருக்கும். நீங்கள் இப்போது போகும் மலாக்கா நீரிணை அப்படி இல்லை, எந்த மாதமும் புழுக்கம்தான், கடல் தண்ணீரே 29, 30 டிகிரி இருக்கும். சில்லர் தன் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுவதே அந்தக் கடல் தண்ணீரில்தான், அதனால் இந்தப் பக்கம் வந்தாலே இயந்திரம் முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கும். நீங்கள் கதவைத் திறந்தால் உங்கள் அறை மட்டும் கெடாது, நடைபாதைக் கதவைத் திறக்கும்போது காற்று பலமாக இழுக்கும், கதவு அறைந்து சாத்தும், சின்னப் பிள்ளை விரல் வைத்திருந்தால் நசுங்கிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

திருகை நீலக் கடைசியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் இல்லை. எந்தக் குளிர்ச்சியில் நிற்க வேண்டும் என்று அது சொல்லும், வேகத்தைக் கூட்டாது. கதவைப் பூட்டிய பிறகு நீலத்தில் பாதிக்கு வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள், அறையில் தங்கிய ஈரம் வெளியேற அவ்வளவு நேரம் எடுக்கும். நனைந்த நீச்சல் உடைகளை அறைக்குள் காயப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். குளியலறையில் ஷவருக்கு மேலே இழுத்து மாட்டும் கயிறு இருக்கும், அங்கே போட்டுக் கதவைச் சாத்தினால் அங்கிருக்கும் காற்று உறிஞ்சியே காயவைத்துவிடும்.

அம்மா கேபினுக்கு வருகிறேன். அந்தத் துண்டை இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். அடைத்தால் காற்று இடுக்கில் பீய்ச்சும், அதுதான் விசில். துண்டும் ஈரமாகி நாற்றம் வரும். பல கேபின்களில் கூரைக்குள் ஒரு சிறிய மின் ஹீட்டர் உண்டு, சிவப்புப் பக்கம் திருப்பினால் அதுதான் வரும் காற்றைச் சூடாக்கும். திருகு சிவப்பில் இருந்தும் சூடே இல்லை என்றால் ஹீட்டரோ தெர்மோஸ்டாட்டோ வேலை செய்யவில்லை. இது நீங்கள் சரி செய்யக்கூடியது அல்ல. போனை எடுத்து ரிசப்ஷனில் புகாராகப் பதியச் சொல்லுங்கள், இரண்டு கேபின் எண்ணையும் தனித்தனியாகக் கொடுங்கள். "ஏசி சரியில்லை" என்று சொன்னால் பட்டியலில் கீழே போய்விடும். "திருகு சிவப்பில் இருக்கிறது, காற்று குளிராக வருகிறது, வயதானவர்" என்று சொன்னால் எந்தக் கருவியோடு வர வேண்டும் என்று ஆளுக்குத் தெரியும். முதல் இரவே சொல்வது நல்லது, கடைசி நாளில் சொல்லி ஒன்றும் நடக்காது.

குளித்தலை மகள், காலை 6:30

அக்கா, போன வருடம் என் மாமியாரோடு இதே வழியில் போனேன், அதே குளிர்ப் பிரச்சினை. ஆள் வரும்வரை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தலையணையைக் கால் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம், காற்று தலையில் நேரே இறங்குவது நின்றது. அதுவே பாதி நிம்மதி. கேபின் சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தம் நன்றாக ஒட்டும், கூரையிலும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு காந்தத்தில் ஒரு அட்டைத் துண்டைச் சாய்வாக மாட்டினால் காற்று அடைபடாமல் சுவர்ப் பக்கம் திரும்பும். கேபினைச் சுத்தம் செய்ய வரும் ஸ்டூவர்டிடம் கம்பளி கேளுங்கள், கூடுதலாக வைத்திருப்பார்கள். பெரிய மெத்தைப் போர்வையை இருவர் இழுத்துக்கொள்வதைவிட ஆளுக்கொரு கம்பளி மேல். கால் உறையும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டுக் கூடமும் நாடக அரங்கமும் இதைவிடக் குளிரும், அம்மா சால்வை இல்லாமல் அறையைவிட்டு வெளியே வர வேண்டாம்.

மூக்கு வறண்டால் ஈரத் துண்டு ஒன்றை நாற்காலியில் விரித்துப் போடலாம் என்றும் எனக்குச் சொன்னார்கள், அது சரியா கடலோடி அண்ணா?

தூத்துக்குடி கடலோடி, காலை 7:15

உள் கேபினில் செய்யலாம்மா, அங்கே காற்று வறண்டுதான் இருக்கும். பால்கனி கேபினில் இன்று வேண்டாம், ஏற்கனவே ஈரம் அதிகம். அட்டை மாட்டுவதும் சரி, ஆனால் கூரையில் தீயணைப்புத் தெளிப்பான், புகை உணர்வி இரண்டும் பக்கத்திலேயே இருக்கும், அவற்றை மறைத்துவிடக் கூடாது.

இன்னொன்று. தங்கச்சி கேபின் கப்பலின் இடது பக்கமா? அப்படியானால் இன்று பினாங்கு நோக்கி வடமேற்கே போகும்போது மதிய வெயில் முழுக்க உங்கள் கண்ணாடியில்தான் விழும். மதியம் 1 மணிக்கே திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே போங்கள். திரும்பி வரும்போது அந்த வெயில் வலது பக்கத்துக்காரர்களுக்குப் போய்விடும்.

செம்பவாங் வாசி, காலை 8:02

அவசரத்துக்கு யூஎஸ்பி மின்விசிறி ஒன்று போதும். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம், அங்கே கிடைக்கும். பல கப்பல்களில் அமெரிக்கத் தட்டைப் பின், ஐரோப்பிய உருண்டைப் பின் சாக்கெட்டுகள்தான் இருக்கும், மலேசியாவின் மூன்று சதுரப் பின் விசிறி வாங்கினால் செருக முடியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவிடாதீர்கள், பல கப்பல்களில் ஏறும்போது சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

தஞ்சாவூர்க்காரி, மறுநாள் இரவு 10:40

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், இதே கஷ்டத்தில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

கதவு பூட்டித்தான் இருந்தது, "டக்" கேட்டது. ஆனால் கடலோடி அண்ணா சொன்ன மாதிரி கையை நகர்த்தியபோது மேல் மூலையில் சூடான காற்று பட்டது. காலையில் ரிசப்ஷனில் அதையே சொன்னேன். 11 மணிக்கு ஒரு பிலிப்பினோ தம்பி ஏணியோடு வந்தார். கதவின் மேல் காந்தம் ஒட்டிய இடத்திலிருந்து விலகித் தொங்கியிருக்கிறது, ரப்பர் பட்டையும் அந்த மூலையில் மடங்கிக் கிடந்தது. கப்பல் ஆடும்போது சேர்வதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. காந்தத்தை மறுபடி ஒட்டி, பட்டையை விரலால் நீவிச் சரிசெய்து, தட்டைத் துடைத்துவிட்டுப் போனார். மதியம் திரையை மூடிவிட்டு மேல்தளம் போய் வந்தோம், உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரர் "அப்பாடா" என்று படுத்துவிட்டார். தலையணை காய்ந்திருந்தது. பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அம்மா கேபினில் ஹீட்டர்தான் பழுது. பாகம் மாற்ற நாளை ஆகும் என்றார்கள், இன்றைக்குக் கூரைத் தட்டைத் திருகிக் காற்றைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அம்மா கால் பக்கம் தலை வைத்து, இரண்டு கம்பளியோடு சாயங்காலமே ஒன்றரை மணி நேரம் தூங்கினார். பினாங்கில் லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்ட பிறகு ஊருக்குப் போகும் பேச்சே இல்லை. இப்போது எங்கள் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், எழுந்து உள்ளே வரும்போதெல்லாம் கதவு ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.