[கலைச்சொல் மடற்குழு] 'பேஸ் வெயிட்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

முதன்முறை மலைநடை போகும் கல்லூரி மாணவர்களுக்கான 16 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உத்தராகண்டில் சாங்க்ரியில் தொடங்கிக் கேதார்கந்தா (3,800 மீட்டர்) வரை, கூடாரம் உட்பட எல்லாவற்றையும் தாங்களே சுமந்து 3 நாள். மற்ற சொற்கள் ஒருவழியாக அமைந்துவிட்டன. 'பேஸ் வெயிட்' மட்டும் இழுக்கிறது.

பையின் மொத்த எடையில், வழியில் தீர்ந்துபோகும் உணவு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது அது. உடம்பில் போட்டிருப்பதும் கையில் ஊன்றும் கோலும் சேராது. 'அடிப்படை எடை' என்று போட்டிருக்கிறேன்.

கையேட்டுக் கணக்கு: பை 1.6 கிலோ, இருவர் கூடாரத்தில் ஒருவர் பங்கு 1.3, உறக்கப்பை 1.2, விரிப்பு 0.4, மாற்றுடையும் குளிருடையும் 1.6, அடுப்பு, பாத்திரம், எரிவாயுக் குப்பியின் வெறும் தகரம் 0.6, மழைச்சட்டை 0.5, தலைவிளக்கு, முதலுதவி, தண்ணீர்ப் புட்டி, சில்லறை 0.8. ஆக 8 கிலோ. உணவு நாளுக்கு 700 கிராம் வீதம் 2.1, தண்ணீர் 2 லிட்டர், எரிவாயு 230 கிராம். மொத்தம் 12.33. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ ஆளுக்கு 12.

— செ.

---

> 'அடிப்படை எடை' என்று போட்டிருக்கிறேன்.

வேண்டாம் செ. 'அடிப்படை ஊதியம்', 'அடிப்படை வசதி' பார்த்துப் பழகிய கண் இதை 'கட்டாயம் வேண்டியவற்றின் எடை' என்றுதான் வாசிக்கும். மூன்றாவது ஜீன்ஸ் யாருக்கும் அடிப்படை இல்லை. ஆனால் பைக்குள் போட்டால் இந்தக் கணக்கில் வந்துதான் ஆக வேண்டும். பவர் பேங்கும் அப்படியே. 'வெற்றெடை' என்றும் போடாதீர்கள், காலிப்பையின் எடை என்று நினைப்பார்கள்.

என் வாக்கு: நிலையெடை.

— ம.

---

அன்புடையீர்,

சங்கத்தார் பயணப்பை கட்டாதவர்களா? புறநானூறு 206: 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.' ஔவையார் கோபித்துக்கொண்டு கிளம்பும் இடம். கலம் + பை = கலப்பை, அதாவது கருவிகள் இடும் பை. மலைபடுகடாத்தில் கூத்தரும் கலப்பையோடுதான் மலைவழி நடக்கிறார்கள். அதே புறப்பாட்டு 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடிகிறது. சோறு பையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஔவையின் மொத்தச் சுமையே செ. கேட்கும் சுமை! வழியுணவுக்கு 'ஆற்றுணா' என்று பழமொழி நானூற்றில் தனிச்சொல்லே இருக்கிறது. எனவே கலப்பைச் சுமை, ஆற்றுணாச் சுமை.

— புலவர் இரா.

---

புலவர் ஐயா, சொல் அழகு. ஆனால் 'கலப்பைச் சுமை 8 கிலோ' என்று அச்சாகிவிட்டால் பையன்கள் ஏரைத் தூக்கிக்கொண்டு டேராடூன் ரயில் ஏறுவார்கள். ஆற்றுணாவுக்கும் அடிக்குறிப்பு போட வேண்டும், 'நதியில் கிடைக்கும் சாப்பாடு' என்று எடுத்துக்கொள்வார்கள்.

— ம.

---

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. உங்கள் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்பது பொருளின் திணிவு (மாஸ்). எங்கள் பாடநூலில் 'நிறை' என்பதே நீங்கள் 'எடை' என்பது. யாராவது 'நிலைநிறை' என்று முன்மொழிவதற்கு முன் சொல்லிவைக்கிறேன். இரு கரைக்கும் பொதுவாக 'சுமை' நல்லது. தராசு சொல்வது எடை, தோள் சொல்வது சுமை.

'மாறா' என்ற அடையும் ஆகாது. நனைந்த கூடாரத்தை மடித்து வைத்தால் அரைக் கிலோ கூடுவது சாதாரணம்.

— ச.

---

> தோள் சொல்வது சுமை

தோள் சொன்னால் பையைத் தப்பாக மாட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்! நல்ல பையில் பெரும்பங்கு பாரம் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டி, இடுப்புவாரை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பூட்டி இறுக்கி, அதன் பிறகுதான் தோள்வார். கடைசியில் தோளுக்கு மேலே பையின் தலையைப் பிடிக்கும் சின்ன வார், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில். வரிசை மாறினால் முதல் நாள் மாலையே கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் 'தோள்பை' என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை, முதுகுப்பை.

சொல்லைவிட அடுக்குவது முக்கியம். உறக்கப்பை அடியில், உணவும் தண்ணீரும் முதுகை ஒட்டி நடுவில், துணிமணி அவற்றைச் சுற்றி, மழைச்சட்டை உச்சியில். கனமானது முதுகைவிட்டு வெளிப்பக்கம் போனால் ஆளைப் பின்னுக்கு இழுக்கும், அடியில் போனால் பை தொங்கும். மேலுறை மட்டும் போதாது. முதுகுப்பக்கம் திறந்தே இருப்பதால் மழை அந்த வழியாக இறங்கும். பைக்குள்ளேயே ஒரு பெரிய பாலிதீன் பை விரித்து அதற்குள் அடுக்கச் சொல்லுங்கள். எரிவாயுக் குப்பி ரயிலிலும் விமானத்திலும் ஏறாது, போய்த்தான் வாங்க வேண்டும்.

12 கிலோவைத் தாண்டும் அந்த 330 கிராமுக்குச் சோற்றில் கை வைக்காதீர்கள். மாற்றுடையில் ஜீன்ஸ் இருக்கிறதா பாருங்கள். அது ஒன்றே அரைக் கிலோவுக்கு மேல், நனைந்தால் அந்தக் குளிரில் காயவும் செய்யாது.

சொல்: தங்கெடை. வழியில் தங்கிவிடும் எடை. தங்கு + எடை, குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது.

— கு.

---

'தங்கெடை'யை வேகமாகச் சொல்லிப் பாருங்கள் கு. 'தங்க எடை.' நகைக்கடை விளம்பரம். செய்கூலி, சேதாரம் உண்டா?

அந்த ஊர்க் கடைக்காரரும் வழிகாட்டியும் 'பேஸ் வெயிட்' என்றுதான் சொல்வார்கள். அப்படியே எழுதினால் என்ன?

— ம.

---

'அப்படியே எழுதினால் என்ன' என்று கேட்பதற்கு ஒரு மடற்குழு தேவையில்லை.

— புலவர் இரா.

---

வியாழன் இரவு 11 மணி. எல்லோருக்கும் நன்றி.

அட்டவணையில் இரண்டு பத்தி: 'தீரும் சுமை', 'தீராச் சுமை'. தனியாக நின்றால் 'தீராச் சுமை' கடன்காரன் புலம்பல் மாதிரி இருக்கிறது, தெரியும். ஆனால் பக்கத்தில் இணை நிற்பதால் விளக்கமே வேண்டியதில்லை. முதல் இடத்தில் மட்டும் 'பேஸ் வெயிட்' என்று ஒருமுறை சேர்க்கிறேன். ச., கு. இருவரும் தனிமடலில் சரி என்றார்கள். ம. 'ஏதோ ஒன்று போடுங்கள்' என்றார், அதையும் சம்மதமாக எண்ணிக்கொண்டேன்.

குப்பி பற்றி: நிறைந்த குப்பியைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 380 கிராம். அதில் வாயு 230 தீரும், தகரம் 150 தீராது. இரண்டாகப் பிரித்தே போட்டிருக்கிறேன். தண்ணீருக்கும் புட்டிக்கும் அதே முறை.

— செ.

---

செ., ஓர் ஐயம். பிஸ்கட் தீரும், அதன் உறை தீராது. திரும்பக் கீழே கொண்டுவர வேண்டிய குப்பை எந்தப் பத்தி?

— ச.

---

அச்சுக்குப் போய்விட்டது.

— செ.

---

இரண்டாம் பதிப்பில் கலப்பை. என் எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன்.

— புலவர் இரா.