கத்திப் பிடிக்குள் இருக்கும் இரும்புக்கு என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கத்தியின் அலகு பிடிக்குள் நீண்டு செல்லும் பகுதியை, ஆங்கிலத்தில் ‘டேங்’ எனப்படுவதை, ‘உள்காம்பு’ எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். என்னால் அதை ஏற்க இயலவில்லை. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காம்பு என்றால் மரம். ‘குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு’ என்ற வசையே காம்பு மரமாக இருப்பதால்தான் பொருள்படுகிறது. அந்தச் சொல்லை இரும்புக்குக் கொடுத்தால், பிடி போடும் முறையை எழுதும்போது எது மரம், எது இரும்பு என்று ஒவ்வொரு வரியிலும் விளக்க வேண்டிவரும்.

‘அகக்காழ்’ என்ற மற்றொரு பரிந்துரை அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே வயிரம் (முற்றிய கடினப் பகுதி) உடையதை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுக்கும் இடத்தில் அச்சொல் ஏற்கனவே அமர்ந்திருக்கிறது. நல்ல பிடிக்கு வேண்டியதும் அந்த வயிரப்பகுதிதான் என்பதால், ‘அகக்காழில் அகக்காழைச் செருகவும்’ என்று எழுத நேரும்.

நானே சில நாள் ‘வால்’ என்ற சொல்லை ஆதரித்திருந்தேன். சென்ற மாதம் பூவரசங்கட்டை வாங்கப் பட்டறைக்குச் சென்று, கத்திவாலின் நீளத்துக்குத் துளை வேண்டும் என்றேன், தச்சர் என் கையிலிருந்த காய்கறிக் கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வாளா?” என்றார். லகர ளகரத்தைப் பிரித்து ஒலிக்காத நம் பேச்சில், வெட்டும் கருவியின் ஓர் உறுப்புக்கு இந்தப் பெயர் ஆகாது என்று அன்றே முடிவு செய்தேன்.

‘செருகு’ என்பது எளிய சொல்; ஆனால் பாதிக்கே பொருந்துகிறது. நாட்டுக் கத்தியில் பிடிக்குள் செல்லும் கூர்ந்த முனையைப் பழுக்கக் காய்ச்சி, முன்பே சிறு துளையிட்ட கட்டையில் இறக்குவார்கள். புகை எழ, இரும்பு தன் வடிவத்துக்குத் தானே மரத்தைக் கரித்து இடம் செய்துகொள்கிறது. அப்போது அலகின்மேல் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடு ஏறினால், பல கத்திகளில் பதம் குறையத் தொடங்கிவிடும். கட்டை பிளவாமல் இருக்க வாய்ப்பக்கம் பூண் இடுவது வழக்கம். உலக்கைக்கு இடும் அதே பூண்தான் என்பதால் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. இதில் செருகுதல் உண்டு. ஆனால் பிடியின் முழு அகலத்துக்கும் இரும்பு தட்டையாக ஓடும் கத்தியில் எதையும் செருகுவதில்லை. இருபுறமும் 8 மில்லிமீட்டர் கனத்தில் பலகை வைத்து, 4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைத் துளைகளில் ஓட்டி, ஆரல்டைட் பசை பூசி ஒரு நாள் இறுக்கி வைத்து, பின் உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் ஏற்றுகிறோம். (தேங்காய் எண்ணெய் உலராது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்துக.)

இரண்டு வகைக்கும் பொதுவாக ‘அலகுவேர்’ என்று முன்மொழிகிறேன். பல்லுக்கு வேர் சொல்வது போலவே, வெளியே தெரியும் அலகைப் பற்றி நிறுத்தும் பகுதி இது. தட்டையாக ஓடுவது ‘பட்டைவேர்’; கூர்ந்து உள்ளே மறைவதற்கு ‘ஆணிவேர்’ என்ற சொல் நம் வாயிலேயே இருக்கிறது. மரத்துக்குள் வேர் விடுவதைத் தாவரவியலார் ஒப்பமாட்டார்கள் என்று சிலர் கேலி செய்யலாம். கொல்லரும் தச்சரும் ஒப்பினால் எனக்குப் போதும்.

பித்தளைக் கம்பியின் இரு முனைகளையும் தட்டி விரித்தால், அதற்குத் தறையாணி என்ற பழைய சொல்லே போதுமானது. இருபுறப் பலகைகளை ‘செதில்’ என்பது ‘ஸ்கேல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். ‘பிடிப்பலகை’ என்றே எழுதி வருகிறேன். ஆயினும் மாட்டுக்கொம்பில் பிடி அமைக்கும்போது பலகை என்னும் சொல் பொருந்துமா என்ற தயக்கம் இருக்கிறது. கொம்பு வேலை அறிந்தவர்கள் வேறு சொல் வழங்கினால் இதைக் கைவிடுகிறேன்.