ராக்கெட் அடுப்பு மண் அடுப்பைவிட அதிக விறகு தின்கிறது: பிழை எங்கே?

கேள்வி: மாந்தோப்பு, பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எரிவாயு இருந்தாலும், குளிக்க வெந்நீர் போடுவதும் மாலையில் களி கிண்டுவதும் இன்றும் விறகடுப்பில்தான். தோப்பில் கவாத்து செய்த மாங்கிளைகள் கிடப்பதால் விறகுக்குப் பஞ்சமில்லை. புகைதான் அம்மாவால் தாங்க முடியவில்லை. ஆகவே சென்ற மாதம் சில காணொளிகளைப் பார்த்து, புகையைக் குழலுக்குள்ளேயே எரித்துவிடும் என்று சொல்லப்படும் ராக்கெட் அடுப்பு ஒன்றை வீட்டின் பின்புறம் நானே கட்டினேன்.

உள்வழி 12 செ.மீ. சதுரம். விறகு வைக்கும் வாய் படுக்கையாக இருக்கிறது. அதன் கடைசியில் குழல் 24 செ.மீ. உயரத்துக்கு நேராக மேலே எழுகிறது. நாட்டுச் செங்கல்லால் கட்டி, சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் அரை அடி கனத்துக்குச் செம்மண்ணும் வைக்கோலும் பிசைந்து பூசியிருக்கிறேன். பாத்திரம் ஒரு செ.மீ. உயரமுள்ள மூன்று ஓட்டுத் துண்டுகளின் மேல் உட்காருகிறது.

அதே குண்டானில் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். பழைய மண் அடுப்புக்கு 850 கிராம் விறகும் 32 நிமிடமும் ஆயின. புதியதற்கு 900 கிராமும் 41 நிமிடமும். போதாக்குறைக்கு, முதல் பத்து நிமிடம் வாய் வழியாகவே புகை திரும்பி வருகிறது. பாதி விறகு போதும் என்றார்களே, நான் எங்கே தவறினேன்?

மறுமொழி 1: செங்கல் சூளை, சூளகிரி

ஐயா, நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகளிலேயே விடை இருக்கிறது. அரை அடி மண் பூச்சு சூட்டைக் காக்கும் என்று எண்ணினீர்கள். அது சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் அடுப்பு 100 கிலோவாவது இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ செங்கல் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 0.84 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த 100 கிலோவும் சராசரியாக 20 டிகிரி சூடானாலே 1,680 கிலோஜூல் சுவருக்குப் போய்விடுகிறது. உங்கள் 5 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,500 கிலோஜூல்தான் வேண்டும். அதாவது, குண்டானுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகச் சுவருக்கே சமைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இந்த ராக்கெட் அடுப்பை 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தின் வழியாக லாரி வினியார்ஸ்கி என்பவர் உருவாக்கினார். எரியும் அறையைச் சுற்றி எடை குறைந்த, காற்றுக் குமிழ்கள் நிறைந்த பொருள் இருக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த விதிகளில் முக்கியமானது. உள்ளே ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் சூடு நின்றால்தான் புகையே எரிபொருளாகி எரியும். குளிர்ந்த கனச் சுவர் அந்தச் சூட்டை எட்டவிடாது. நம் ஊரில் இதற்குச் சல்லடையில் சலித்த மரச்சாம்பல் அல்லது உமிச்சாம்பல் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. உடைந்த சீமை ஓட்டுத் துண்டுகளை நிறுத்தி உட்சுவரை மெல்லியதாக அமையுங்கள். நான்கு அங்குலம் தள்ளி வெளிச்சுவரை ஒற்றை வரிசைச் செங்கல்லால் எழுப்பி, இடைவெளியைச் சாம்பலால் நிரப்பி, மேலே மட்டும் மண் பூசி மூடுங்கள்.

புகை திரும்பி வருவதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. குழலின் உயரம் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருப்பது நல்லது. உங்களுடையது இரண்டு மடங்குதான், அதை 36 செ.மீ. ஆக்குங்கள். அடுத்து, பாத்திரத்தின் அடியில் உள்ள இடைவெளி. குழலின் குறுக்குப் பரப்பு 144 சதுர செ.மீ., அதன் வாயின் சுற்றளவு 48 செ.மீ.; அதே பரப்பு வெளியேறுவதற்கும் கிடைக்க வேண்டுமென்றால் 3 செ.மீ. இடைவெளி வேண்டும். ஒரு செ.மீ. மட்டும் விட்டது கழுத்தைப் பிடித்தது போல ஆகிவிட்டது. விறகையும் தரையில் போட்டுத் திணிக்காதீர்கள். வாயின் பாதி உயரத்தில் ஒரு இரும்புத் தட்டு வைத்து, விறகு அதன் மேலும் காற்று அதன் கீழும் போகட்டும்.

மறுமொழி 2: பட்டுக்கூடு, பென்னாகரம்

மேலே சொன்னவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் களி கிண்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மாவு வெந்த பிறகு, குண்டானைக் காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு துடுப்பால் முழு பலத்தோடு கிண்டுகிறோம். 36 செ.மீ. குழலும் அதற்கு மேல் 3 செ.மீ. இடைவெளியுமாக உயர்ந்து நிற்கும் அடுப்பின் மேல் அந்த வேலை நடக்காது. குண்டான் சாய்ந்து ஒருமுறை என் கால் வெந்திருக்கிறது. இப்போது அடுப்பின் அடிப்பகுதியை முழங்கால் அளவு பள்ளத்தில் இறக்கிக் கட்டியிருக்கிறேன். குண்டானின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையத்தையும் தனியாகத் தரையில் ஊன்றியிருக்கிறேன். அந்தப் பளுவை அடுப்பின் ஓடுகள் சுமப்பதில்லை.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டுப்புழு தழையைத் தின்ற பின் மிஞ்சும் மல்பெரிக் குச்சிகள் இந்த அடுப்புக்கென்றே பிறந்தவை போல எரிகின்றன. கட்டை விரல் கனம், நுனி மட்டும் எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கலாம். துவரை மிளாறும் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை கை வைக்க வேண்டியிருக்கும். மாங்கிளையானால் பிளந்து, இரண்டு மாதம் கூரைக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும். வெட்டிய வாரத்திலேயே வைத்தால் எந்த அடுப்பும் புகையும்.

மறுமொழி 3: கல்குவாரி, பர்கூர்

உட்சுவருக்குக் கிரானைட் துண்டு சும்மா கிடைக்கிறதே என்று யாரும் வைத்துவிட வேண்டாம். நான் வைத்தேன், மூன்றாம் நாள் பட்டென்று சில்லு தெறித்தது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறித் திடீரென விரிவது இதற்கு ஒரு காரணம். துத்தநாகம் பூசிய தகரத்தையும் நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள், அந்தப் புகை உடலுக்குக் கேடு.

மறுமொழி 4: சோதனைக்காரர், தேன்கனிக்கோட்டை

ஐயா, மாற்றிக் கட்டிய பிறகு எப்படிச் சோதிப்பீர்கள்? ஒருமுறை கொதிக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்தால் அது சோதனை ஆகாது. ஒரே மரத்தின் ஒரே கட்டிலிருந்து எடுத்த விறகை எடை போட்டு வையுங்கள். குண்டானை மூடாமல் கொதிக்க வைத்து, கொதித்தவுடன் நெருப்பை இழுத்து அணைத்து, மிஞ்சிய விறகு, கங்கிலிருந்து கிடைத்த கரி, குண்டானில் மீதமுள்ள தண்ணீர் மூன்றையும் தனித்தனியே எடை போட வேண்டும். கரியைக் கணக்கில் கழிக்காவிட்டால் அடுப்பின் மேல் வீண்பழி விழும். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒருமுறை, சூடாக இருக்கும்போதே உடனே மறுமுறை என்று இதைக் குறைந்தது மூன்று தடவை செய்யுங்கள். நாள் முழுவதும் வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்புக்குக் கனச் சுவர் பெரிய நட்டமில்லை, ஒருமுறை குடித்த சூட்டோடு அது நிற்கும். அரை மணி நேரம் எரிந்து அணையும் வீட்டடுப்புக்குத்தான் அது நட்டம். ஆறிய தொடக்கத்துக்கும் சூடான தொடக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். எங்கள் ஊரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நூறு வரும் என்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தால் விறகுதான் தீரும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், 2013-இல் வந்த இந்தியத் தர நிர்ணயம் 13152, விசிறி இல்லாத கையடக்க விறகடுப்புக்குக் குறைந்தது 25 சதவீத வெப்பத் திறனைக் கேட்கிறது, அதாவது விறகின் சூட்டில் அவ்வளவு பங்காவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாந்தோப்பு, பாலக்கோடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மண்ணை எல்லாம் உடைத்து எடுத்துவிட்டு, ஓட்டுத் துண்டும் சாம்பலுமாக மாற்றிக் கட்டினேன். குழல் 36 செ.மீ., இடைவெளி 3 செ.மீ., விறகுக்குக் கீழே பழைய தோசைக்கல்லின் பாதி. ஆறிய அடுப்பில் மூன்று தடவையின் சராசரி: காய்ந்த மாங்கிளை 450 கிராம், மிஞ்சிய கரி 30 கிராம், ஆவியான தண்ணீர் 130 கிராம், நேரம் 22 நிமிடம். விறகுக்குக் கிலோவுக்கு 16 மெகாஜூல், கரிக்கு 29 என்று வைத்துக் கணக்கிட்டால் வெப்பத் திறன் 28 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. முதலில் சோதித்தபோது விறகு பாதி ஈரம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆகவே 900-க்கும் 450-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் அடுப்பின் கணக்கில் எழுத முடியாது. மண் அடுப்பையும் இதே காய்ந்த விறகால் மறுபடி சோதித்தேன், 690 கிராம் ஆயிற்று.

பற்ற வைத்த முதல் இரண்டு நிமிடம் மட்டும் புகைகிறது. களிக்கான வளையத்தைப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை அம்மா களியைப் பழைய அடுப்பில்தான் கிண்டுகிறார்.