1959 கிரெட்ச் 6120: அசலா, ஜப்பான் ரீஇஷ்யூவா? உப்புக்காத்து ஊருக்கு எது தாங்கும்?

தங்கச்சிமடம்_ஆறுதந்தி

அண்ணன்மாருக்கு வணக்கம். சர்ச் பாடகர் குழுவுக்கும் மேடைக்கும் ஒரு ஹாலோபாடி (உள்ளே கூடா இருக்கிற எலக்ட்ரிக்) கிட்டார் எடுக்கணும். கனடாவில இருக்கிற சித்தப்பா மூலமா ரெண்டு வருது. ஒன்னு 1959 கிரெட்ச் 6120, பைண்டிங் (ஓரத்துல ஓடுற பிளாஸ்டிக் பட்டை) எல்லாம் கம்பெனி போட்டதேதான்னு விக்கிறவர் சொல்றார். இன்னொன்னு அதே 59 மாதிரி ஜப்பான்ல செஞ்ச ரீஇஷ்யூ, கொஞ்சம் பழசு. வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம், ஏசி ராத்திரி மட்டும்தான். சத்தத்துல உண்மையான வித்தியாசம் எங்கருந்து வருது? அசலை எடுத்தா சித்தப்பாவை என்னென்ன பாக்கச் சொல்லணும்?

மண்டபம்_மரவேலை

சத்தத்தை முதலில் முடித்துவிடலாம். 59 மாடலின் குணம் உள்கட்டில் இருக்கிறது. 1955-இல் வந்த 6120-இல் மேல்பலகைக்கு அடியில் இரண்டு நீளச் சட்டங்கள் மட்டும். 1958 முதல் 61 வரை அந்தச் சட்டங்களுக்குக் கால் வைத்து அடிப்பலகையோடு சேர்த்திருப்பார்கள். அதுதான் டிரெஸ்டில் பிரேசிங். பலகை அடங்கி அதிர்வதால் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் கூவல்) குறையும், சுரம் நீண்டு நிற்கும். சர்ச்சில் மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவருக்கு இது பெரிய விஷயம். ரீஇஷ்யூ எல்லாவற்றிலும் இதே கட்டு கிடையாது. பிளேயர்ஸ் எடிஷன் வரிசையில் வேறு கட்டு. மேல்பலகையில் f வடிவத்தில் இருக்கும் எஃப் ஓட்டை வழியாக மொபைல் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் விட்டுப் பார்த்தால் கால்கள் தெரியும். உடம்பு இரண்டிலும் மேப்பிள் லாமினேட்தான் (ஒட்டுப்பலகை), அறுபது வருடத்தில் அது 'பழுத்து' மாறிவிடும் என்று அதற்காகத் தனிக் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது பைண்டிங். நீங்கள் நல்ல சேதியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய பயம். அந்தக் காலத்து பைண்டிங் செல்லுலோஸ் நைட்ரேட். வயதானால் தானாகவே சிதையும். சிதையும்போது அமில வாயு வெளிவரும். அந்த வாயு பக்கத்தில் இருக்கிற நைட்ரேட்டையும் சேர்த்து அரிக்கும், ட்யூனர், பிக்கப் (தந்தி அதிர்வைக் கரண்டாக்கும் பாகம்) மூடி எல்லாவற்றையும் பச்சை பூக்க வைக்கும். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகமும் கூடும். நம் கரையில் இரண்டும் வருஷம் முழுக்க உண்டு.

இதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. நைட்ரேட்டைக் காப்பாற்ற அதற்குக் காற்றோட்டம் வேண்டும். கேஸுக்குள் பூட்டினால் வாயு உள்ளேயே சுற்றும். உப்புக்காற்றிலிருந்து உலோகத்தைக் காப்பாற்ற கேஸை மூடி வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் செய்ய முடியாது. கனடாவில் இன்னும் நாற்பது வருடம் தாங்கக்கூடிய 59, பாம்பன் தீவில் அப்படித் தாங்காது.

ரீஇஷ்யூவில் பைண்டிங் வேறு பிளாஸ்டிக், பெரும்பாலும் யூரித்தேன் பாலிஷ். அழகில் அசலின் நைட்ரோ லேக்கர் பாலிஷ் ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே உங்களுக்கு வேண்டியது யூரித்தேன்.

கீழக்கரை_வயரிங்

மண்டபம் அண்ணன் சொன்னதில் மாற்றம் இல்லை. கரண்டுப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

59-இல் இருப்பது ரே பட்ஸ் வடிவமைத்த ஃபில்டர்ட்ரான் பிக்கப். ஹம்பக்கர்தான் (இரட்டைக் காயில் வைத்து இரைச்சலைக் கழிப்பது), ஆனால் கிப்சன் பழசு ஏழு எட்டு கிலோ ஓம் வரும் இடத்தில் இது 4 கிலோ ஓம் சுமார்தான். அந்தக் குறைந்த சுற்றுதான் அதன் தெளிவு. பழைய ரீஇஷ்யூ சிலவற்றில் செராமிக் காந்தம் போட்ட பிக்கப் வரும், சத்தம் கொஞ்சம் கூர்மையாக, கடினமாக இருக்கும். அது குறை என்றால் டிவி ஜோன்ஸ் கம்பெனியின் கிளாசிக் பிக்கப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். அதோடு 59-க்கும் இதற்கும் உள்ள தூரத்தில் பாதி போய்விடும்.

சித்தப்பாவிடம் ஒரு மல்டிமீட்டர் கொடுங்கள். கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே 20 கிலோ ஓம் ரேஞ்சில் பார்க்கட்டும். வால்யூம் எல்லாம் முழுக்க, ஒரு பிக்கப் மட்டும் சுவிட்சில். 4-க்குக் கிட்டே வந்தால் சரி. 2 என்று வந்தால் உடனே பயப்பட வேண்டாம், சுவிட்ச் நடுவில் இருந்து இரண்டு பிக்கப்பும் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஒன்றாகத் தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 2 என்றால் ஒரு காயில் போயிருக்கிறது. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்தது, பெரும்பாலும் லீட் சேருமிடத்தில் அரித்து அறுந்திருக்கும்.

பாட் (வால்யூம், டோன் திருகு) கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் போதும். கழற்ற நேர்ந்தால் ஒவ்வொரு பாட் தண்டிலும் ஒரு நூல் கட்டிவிட்டு எஃப் ஓட்டை வழியாக எடுங்கள். நூல் இல்லாமல் எடுத்தால் திரும்ப உள்ளே போட அரைநாள் ஆகும்.

தங்கச்சிமடம்_ஆறுதந்தி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாய், மீட்டர் விஷயம் சித்தப்பாவுக்கு அனுப்பிட்டேன். மனசு இன்னும் 59 பக்கம்தான் சாயுது. பைண்டிங் நல்லா இருக்கான்னு போட்டோவில கண்டுபிடிக்க முடியுமா? நெக் பத்தியும் சொல்லுங்க.

மண்டபம்_மரவேலை

கண்டுபிடிக்கலாம் தம்பி. வெளிச்சத்தை ஓரமாக அடித்து மூன்று இடத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள்: நெக் ஓரம், கட்அவே (நெக் பக்கம் உடம்பை வெட்டிய இடம்) வளைவு, எஃப் ஓட்டை விளிம்பு. குறுக்கே முடி மாதிரி விரிசல், பழுப்பு ஏறி நொறுங்குவது, பைண்டிங் சுருங்கி மரத்தை விட்டு விலகுவது, இவை அடையாளம். கேஸைத் திறந்ததும் காரமான நெடி அடித்தால் அதையும் எழுதட்டும். பைண்டிங்கை விட உலோகம் உண்மை பேசும்: ட்யூனர் திருகுகளில் பச்சை இருந்தால் வாயு வர ஆரம்பித்துவிட்டது. திறமையானவர் பைண்டிங் முழுதும் மாற்றிய 59 கிடைத்தால் அது வேறு கதை. சேகரிப்பவர்களிடம் மதிப்புக் குறையும், வாசிப்பவனுக்கு அதுவே நல்லது. அப்படி ஒன்று தேடுவதென்றால் நானும் உங்கள் பக்கம்.

நெக்: ப்ரூக்ளின் காலத்து கிரெட்ச்சில் நெக் பொருத்தும் கொக்கி மூட்டு சில சமயம் தளர்வாக இருக்கும், காலப்போக்கில் நெக் முன்னால் சாயும். பிரிட்ஜின் இரண்டு திருகுச் சக்கரமும் அடிவரை இறங்கிக் கிடந்து, 12-ஆவது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியின் உயரம்) இன்னும் 2.5 மி.மீ. இருந்தால் நெக் ரீசெட் தேவை, அதாவது நெக்கைக் கழற்றிச் சாய்வைச் சரிசெய்து திரும்பப் பொருத்துவது. அதைக் கனடாவிலேயே செய்து அனுப்பச் சொல்லுங்கள். சரியான அளவு மெல்லிய தந்தியில் 1.6, தடித்ததில் 2 மி.மீ. ஜீரோ ஃப்ரெட்டில் (நட்டை ஒட்டிய முதல் ஃப்ரெட்) பள்ளம் விழுந்திருந்தால் பெரிய செலவு இல்லை, ஒரே ஒரு ஃப்ரெட் மாற்றுவதுதான்.

தொண்டிக்கரை

எதை எடுத்தாலும் பயணத்துக்கு: பிரிட்ஜ் பலகையில் ஒட்டாமல் தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. எடுக்கும் முன் நட்டிலிருந்து (நெக் தலைப்பக்கம் தந்தி தங்கும் கட்டை) அதன் தூரத்தை இரு ஓரத்திலும் ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். நைட்ரோ பாலிஷில் டேப் ஒட்டாதீர்கள், உரித்தால் பாலிஷோடு வரும். ரீஇஷ்யூ பலவற்றில் பிரிட்ஜ் ஊசி வைத்து நிறுத்தியிருக்கும், அங்கே இந்த வேலை இல்லை.

கனடாக் குளிர்கால வீட்டின் வறட்சியிலிருந்து நேரே நம் ஈரத்துக்கு வருகிறது. பெட்டி வந்ததும் ஒரு நாள் பிரிக்க வேண்டாம். பிறகு ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் ட்ரஸ் ராடை (நெக் வளைவைத் திருத்தும் உள்கம்பி) தொடுங்கள். மரம் ஈரம் குடிக்கும்போது பலகை எழும்பி ஆக்‌ஷன் தானே ஏறும்.

ரீஇஷ்யூ என்றால் கேஸுக்குள் 49 சதவீத ஈரப்பதப் பை இரண்டு, ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் பை சீக்கிரம் நிறைந்துவிடும், கனத்துப் போனால் மாற்றுங்கள். வாசித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்தி, பிக்ஸ்பி (சுரத்தை அசைக்கும் கைப்பிடியுள்ள தந்திப்பிடி) இரண்டையும் துடையுங்கள். பிக்ஸ்பி அலுமினியம், உப்புப் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். கோட்டிங் உள்ள 11 தடிமன் தந்தி போடுங்கள். 10 போட்டால் மிதக்கும் பிரிட்ஜில் அழுத்தம் போதாமல் சலசலக்கும்.

இன்னொன்று. 59-இல் விரற்பலகை கருங்காலி. மனம் மாறி 1955–57 பக்கம் போனால் அது ரோஸ்வுட், பிரேசில் மரமாக இருக்கலாம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் (அருகி வரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, ஏற்றுமதி, இறக்குமதி இரண்டு பக்கமும் தாள் இல்லாமல் கஸ்டம்ஸில் மாட்டும். 59-இலும் பிரிட்ஜ் அடிக்கட்டை என்ன மரம் என்று கேட்டு வையுங்கள்.

மண்டபம்_மரவேலை

ட்யூனர் திருகுப் படம் வந்ததும் இங்கேயே போடுங்கள் தம்பி. பச்சை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.